மாயப்பொறியும் பொறித்த எழுத்தும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், கடப்பாக்கத்துக்கு அருகே காயலும் கடலும் சந்திக்கும் இடத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலீ கானின் ஆளுகையில் இருந்தது. 1750-இல் முஸஃப்பர் ஜங் அதனைப் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கு அளித்தார். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். சுருக்கமான இவ்வரலாற்றுக்கு வெளியே எஞ்சிக் கிடக்கும் சுவர்களெல்லாம் பிள்ளைகளின் கற்பனைக்கு உரியவை.

2023-ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், பொறியியல் பயிலும் என் சகோதரியின் மகன் அந்தக் கோட்டையைக் கட்டமிட்ட தாளில் வரைந்து, அதன் அடியில் இல்லாத சுரங்கங்களையும் வரைந்து, மரக்காணத்து வீட்டின் கூடத்தில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு விளையாட்டு நடத்தினான். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சினாலேயே ஆடும் ஆட்டம் அது. ஒருவர் நடத்துநராக இருந்து உலகத்தை விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். ஐயம் நேருமிடத்தில் இருபது முகமுள்ள பகடை தீர்ப்பளிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட விதிநூலிலிருந்து கிளைத்த குடும்பம் இது.

"மந்திரம், சூனியம் என்றெல்லாம் காதில் விழுகிறதே, இது ஆகுமா?" என்று வீட்டில் கேள்வி எழுந்தது. நான் முஃப்தி அல்லன். அக்கேள்வியை அதற்குரியோரிடம் விடுகிறேன். கதைகளைப் படித்துத் திறனாய்வு செய்வது என் தொழில். ஆகவே ஆட்டத்தைக் கதையாகவே பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு சிறு உறுப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. கோட்டை வாயிலில் என் மருமகன் அமைத்திருந்த மாயப்பொறி அது.

பொறி என்ற சொல்லைத் தமிழ் எத்தனை வகையில் ஆள்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. எலியைப் பிடிப்பதும் பொறி, எந்திரமும் பொறி, கண்ணும் செவியும் பொறி. சோழனின் புலிச் சின்னமும் பொறி. கல்லில் எழுத்தை வெட்டுவதும் பொறித்தல்தான். அகப்படுத்தும் கருவிக்கும் செதுக்கிய எழுத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். மாயப்பொறியின் இரகசியம் முழுவதும் இச்சொல்லுக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வேட்டைக்காரனின் கண்ணி தன்னை மறைத்துக்கொள்ளும். எங்கள் ஊருக்கு அடுத்த கழுவெளியில் பறவைக்கு விரிக்கும் வலைக்கு அறிவிப்புப் பலகை கிடையாது. இருந்தால் அது வலையாகாது. கைவிடப்பட்ட உப்புப் பாத்தியில் வெண்மையாகப் படிந்த தோடு உறுதியான தரைபோலத் தோன்றிக் காலைச் சேற்றுக்குள் வாங்கிக்கொள்வதும் அவ்வாறே. நம் இலக்கியத்தில் இவ்வகைக்குச் சிறந்த சான்று உதயணன் கதை. கொங்குவேளிர் பெருங்கதையாகப் பாடிய அக்கதையில், யானைமேல் கொண்ட காதலே உதயணனைப் பிடித்துக் கொடுக்கிறது. பிரச்சோதனன் வீரர்களை உள்ளே ஒளித்து அனுப்பிய எந்திர யானையை அவன் உண்மை யானையென்று நம்பி நெருங்குகிறான். எச்சரிக்கை என்று ஒன்று அங்கே இல்லை. அது போர்த்தந்திரம், அந்த அளவில் செம்மையானது.

மாயப்பொறியின் வழக்கு வேறு. விதிநூல்களில் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் நான்கு உறுப்புகள் தென்படும். முதலாவது தூண்டல்: தொடுதல், அருகே வருதல், ஓசை எழுப்புதல், வாசித்தல் ஆகியவற்றுள் ஒன்று. அடுத்தது விளைவு: நெருப்போ, உறக்கமோ, வேறோர் இடத்துக்குத் தூக்கியெறியப்படுதலோ. மூன்றாவது விலக்கு: யாருக்கு அது வேலை செய்யாது, எந்தச் சொல்லைச் சொன்னால் வழிவிடும் என்பது. நான்காவது தடயம். கயிறும் கம்பியும் இல்லாத பொறி எதைக்கொண்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும்? பெரும்பாலும் எழுத்தைக்கொண்டு. அவ்வாட்டத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'காவல் எழுத்து' என்னும் மந்திரத்தின் 2014-ஆம் ஆண்டு விதியை எடுத்துக்கொள்வோம். அதை வரைய ஒரு மணி நேரமும், இருநூறு பொற்காசு பெறுமான வைரப்பொடியும் வேண்டும். வரைந்தபின் அது கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாது. ஆனால் 'அநேகமாக' என்ற சொல் விதியிலேயே இருக்கிறது, தேடுவோனுக்கு அகப்படும். இன்ன சொல்லைக் கூறுபவனுக்குத் தீங்கில்லை என்று வரைந்தவன் விலக்கும் வைக்கலாம். வைரத்தைச் செலவிட்டு வரைகிறவன் தன் வீட்டுக்குள் தானே நுழைய வேண்டுமல்லவா! மாயப்பொறி ஒரு கதவு. கதவென்றால் திறவுகோல் உண்டு.

இதனை மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமையாகக் கருதுவோர் அல்பு லைலா வலைலாவில் வரும் செம்பு நகரத்துக் கதையை மீண்டும் படிக்க வேண்டுகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாக அது 'பித்தளை நகரம்' ஆயிற்று. 1979-இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் முன்னட்டையில் இஃப்ரீத் ஒன்றும், பின்னட்டையில் அந்தப் பித்தளை நகரமும் வரையப்பட்டிருப்பது தற்செயலன்று.

கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் ஆணைப்படி, சுலைமான் நபி (அலை) அவர்கள் ஜின்களை அடைத்துவைத்த செம்புக் குடங்களைத் தேடி மூஸா இப்னு நுஸைரின் குழு பாலைநிலத்தில் பயணம் செய்கிறது. வாயிலில்லாத நகரத்தின் மதிலை அடைகிறார்கள். ஏணி சார்த்தி ஏறியவன் உச்சியில் நின்று கைகொட்டிச் சிரித்து, உட்புறம் குதித்து மடிகிறான். அடுத்தவனும் அவ்வாறே. பன்னிருவர் மடிந்தபின் முதியவர் அப்துஸ் ஸமத் ஏறுகிறார். கீழே அழகிய பெண்கள் கையசைத்து அழைப்பதும், அவர்களின் அடியில் நீர்ப்பரப்பு இருப்பதுபோன்ற தோற்றமும் அவருக்கும் தெரிகின்றன. இறைநினைவில் ஊன்றி நிற்கும் அவருக்கு அது மாயமென விளங்கிவிடுகிறது. பின்னர் வாயிலின்மேல் நிற்கும் செம்புக் குதிரைவீரனின் உள்ளங்கையில் பொறித்த எழுத்தை அவர் வாசிக்கிறார். அதில் சொன்னபடி ஓர் ஆணியை இயக்கக் கதவு திறக்கிறது.

உள்ளே இறந்துகிடக்கும் அரசி. உயிருள்ளவள்போல் ஒளிரும் கண்கள். இருபுறமும் காவலுக்கு இரண்டு உருவங்கள். அருகிலிருக்கும் பொற்பலகையில் அவள் கதையும் எச்சரிக்கையும் எழுதப்பட்டுள்ளன: நகரத்துச் செல்வத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், என் உடலின்மேல் இருப்பதைத் தொடவேண்டாம் என்பது அதன் கருத்து. எல்லோரும் வாசிக்கிறார்கள். தாலிப் இப்னு சஹ்லும் அதை அறிந்தவன்தான். பிணத்துக்கு நகை எதற்கு என்று தர்க்கம் பேசிப் படியேறுகிறான். ஓர் உருவம் முதுகில் அடிக்க, மற்றது தலையை வெட்டுகிறது.

தாலிபைக் கொன்றது மறைவான விசை அன்று; அனைவரும் வாசித்துக்கொண்டிருந்த பலகை அவனுக்கு மட்டும் பொருளற்றுப் போனதே அவன் சாவுக்குக் காரணம். மாயப்பொறிக்கு உரிய நாணயம் இதுதான் என்பேன். அழிப்பதற்கு முன் அது பேசிவிடுகிறது. பாபிலில் ஹாரூத், மாரூத் இருவரும், தாங்கள் ஒரு சோதனையே என்று முதலில் எச்சரிக்காமல் எவருக்கும் எதையும் கற்பிக்கவில்லை எனத் திருக்குர்ஆன் கூறுவதை அறிந்த வாசகருக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றாது.

வாசிப்பே கொல்லும் கதையும் நம்மிடம் உண்டு. ஹகீம் தூபான் கதையில், தன் நோயைத் தீர்த்த மருத்துவனையே கொல்லத் துணிந்த மன்னன் யூனான், ஒட்டிக்கொண்ட ஏடுகளை எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி நஞ்சுண்டு மாள்கிறான். அந்த ஏடுகளில் எழுத்தே இல்லை. ஆட்டத்தின் 1978-ஆம் ஆண்டு விதிநூலில் 'வெடிக்கும் எழுத்து' என்றொரு மந்திரம் இருக்கிறது. வாசித்த மாத்திரத்தில் வாசித்தவன்மேல் வெடிக்கும். அது தூபானின் நூலுக்குப் பேரப்பிள்ளை எனலாம். ஆனால் பாட்டனின் அறிவு பேரனுக்கு வாய்க்கவில்லை. தூபான் தன்னைக் கொல்ல வேண்டாமென்று பலமுறை இறைஞ்சிய பின்பே நூலைக் கொடுத்தான். மன்னன் தன் நன்றிகேட்டினால் செத்தான். வெடிக்கும் எழுத்தோ, கடிதத்தை நல்லெண்ணத்தோடு பிரித்தவனையும் எரித்துவிடும். முன்னது கதை, பின்னது கண்ணிவெடி.

இவ்வொழுங்கை இலக்கணமாகவே வளர்த்தவர்கள் உருது தாஸ்தான்காரர்கள். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் 1893 வரை வெளியிட்ட 'தில்ஸ்மே ஹோஷ்ருபா'வை முஹம்மது ஹுசைன் ஜாஹும், அவருக்குப்பின் அஹ்மது ஹுசைன் கமரும் எழுதினர். அங்கே தில்ஸம் என்பது சூனியக்காரன் உண்டாக்கிய ஒரு முழு உலகம். நாடு, நகர், மலை, ஆறு எல்லாமே ஒரே மாயப்பொறி. ஆயினும் தில்ஸத்தை ஆக்கியவன் அதை உடைக்கும் வழியையும் ஆக்கியாக வேண்டும். அவ்வழி 'லவ்ஹ்' எனும் பலகையில் இருக்கும்; அதனை அடைந்து வாசிப்பவன் தில்ஸத்தை வெல்வான். பேரரசன் அஃப்ராசியாபின் ஆற்றலெல்லாம் அந்தப் பலகையைக் காப்பதிலேயே கழிகிறது. பலகை இல்லாத தில்ஸத்தைக் கட்ட அவனாலும் இயலாது, இலக்கணம் இடந்தராது. மூலத்தைப் படிக்க இயலாதோர்க்கு 2009-இல் முஷர்ரஃப் அலீ ஃபாரூகீ அதன் முதற்பகுதியை ஆங்கிலத்தில் தந்துள்ளார்.

இனி மேசைக்குத் திரும்புவோம். ஆட்டத்தின் தொடக்ககாலத்தில் இந்த இலக்கணம் ஓரளவு உயிரோடு இருந்தது. கைகாக்ஸ் 1975-இல் ஒரு போட்டிக்காக அமைத்து 1978-இல் அச்சிட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கொடுமைக்குப் பெயர்போன கல்லறை. அங்கே சுவரில் வாய்பிளந்து நிற்கும் பச்சைப் பேய்முகத்துக்குள் நுழைந்தவன் இல்லாமலே போவான். பகடை உருட்டித் தப்பும் வாய்ப்பும் கிடையாது. இதனைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பர். ஆனால் நுழைவுக் கூடத்தின் தரையில் வண்ணக்கற்கள் பதித்த பாதையிலேயே, கல்லறைக்குரிய அசெரெராக் தன் வழிகளைப் பற்றிப் புதிர்ச்செய்யுள் ஒன்றைப் பொறித்து வைத்திருக்கிறான். குனிந்து பார்த்தவனுக்கு அது அகப்படும். இது அப்படியே செம்பு நகரத்தின் பலகை. கைகாக்ஸின் கல்லறையில் இரக்கமில்லை, நேர்மை இருக்கிறது.

மாற்றம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1975-இல் வெளியான 'கிரேஹாக்' இணைப்பு நூலில் திருடன் எனும் பாத்திரவகை சேர்ந்தது. பொறியை அகற்றுதல் நூற்றுக்கு இத்தனை என்று அட்டவணையாயிற்று. 1978-ஆம் ஆண்டு விதிப்படி முதற்படித் திருடனுக்கு அது நூற்றுக்கு இருபது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதனை முழுக் கணக்காக்கியது. மாயப்பொறியைத் தேடிக் கண்டுபிடிக்க இருபத்தைந்துடன் அம்மந்திரத்தின் படிநிலையைக் கூட்டிய எண் வேண்டும். மூன்றாம் படிநிலையைச் சேர்ந்த நெருப்புருண்டைப் பொறிக்கு ஆக இருபத்தெட்டு. திறமை எண் பத்து உடையவன் பகடையில் பதினெட்டோ அதற்கு மேலோ பெற வேண்டும். இருபதில் மூன்று வாய்ப்பு. அவசரமில்லையெனில் இருபது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு இருபதே விழுந்ததாகக் கணக்கிடலாம் என்றும் ஒரு விதி. எனவே கதவுதோறும் "இருபது எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். பொறியை அகற்றுவதற்கும் அதே இருபத்தெட்டு. அங்கே மட்டும் இருபது எடுக்க இடமில்லை, ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால் நெருப்பு.

அந்த நெருப்பு யாரை எரிக்கவேண்டுமென்று யார் வரைந்தார்கள், ஏன் வரைந்தார்கள், எந்தச் சொல்லுக்கு அடங்கும் என்ற வினாக்களுக்கு இங்கே வேலையில்லை. எழுத்து போய் எண் வந்தது. பொறி சுங்கச்சாவடியாயிற்று.

நம் மரபில் இவ்விவாதம் மிகப் பழையது. நர்த் எனும் பகடையாட்டம் ஹதீஸில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டதையும், சதுரங்கத்தை இமாம் ஷாஃபிஈ அவர்கள் விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தியதையும் வாசகர் அறிவர். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ இதனைத் தத்துவமாக்கும் ஒரு கருத்தைப் பதிவுசெய்கிறார்: சதுரங்கத்தைக் கண்டவன் மனிதனுக்குத் தேர்வுரிமை உண்டென்ற முஅதஸிலாக் கொள்கையினன், நர்தைக் கண்டவன் எல்லாம் விதிக்கப்பட்டதென்ற ஜபரிய்யாக் கொள்கையினன் என்பது சிந்தனையாளர் சிலர் சொன்னது. மேசைமீதுள்ள மாயப்பொறியும் இந்த இரண்டில் ஒன்றாக வேண்டியிருக்கிறது. தரையில் பொறித்த புதிரை வாசிப்பவன் சதுரங்கம் ஆடுகிறான். இருபத்தெட்டுக்காகப் பகடை உருட்டுபவன் நர்த் ஆடுகிறான்.

இதை நான் சற்று மிகையாகச் சொல்லியிருக்கலாம். மரக்காணத்துக் கூடத்தில் இருந்த நால்வருள் இளையவள் பதினோரு வயதுச் சிறுமி. பேசக் கூச்சப்படுபவள். புதிர் என்று வந்தால் அண்ணன்மார் முந்திக்கொள்வர். அவள் விரலைக் கடித்துக்கொண்டிருப்பாள். பகடை அவள் கைக்கு வரும்போது மட்டும் எல்லோரும் அவளைப் பார்த்தனர். அவள் பாத்திரம் கூரறிவுடைய மந்திரக்காரி. அவள் தானே அத்தனை கூர்மையோடு பேசியாக வேண்டுமென்று கேட்பது என்ன நியாயம்? வாளை உண்மையில் சுழற்றத் தெரிந்தவன்தான் வீரனாக ஆடவேண்டும் என்று எவரும் சொல்வதில்லையே. எண் வந்ததற்கு இப்படியொரு காரணமும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, மாயப்பொறியைக் கண்டறியவும் அகற்றவும் மந்திரக் கல்வியைச் சோதிக்கும் ஓர் உருட்டலை வைத்து, நல்ல யோசனை சொன்னால் உருட்டாமலே நடத்துநர் வழிவிடலாம் என்றும் இடமளித்தது. நடுவழி என்ற அளவில் ஏற்கத்தக்கதே. எனினும் நடத்துநரின் பெருந்தன்மையை நம்பி நிற்கும் நடுவழி அது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைத் தவிர்க்க இயலவில்லை. 1975-இலேயே 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' எனும் ஆட்டத்தை வெளியிட்டவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர், பேராசிரியர் முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கர். உருது கற்பிக்கும் பாடநூல்களைத் தொகுத்தவர். மெக்கில், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களில் பணியாற்றியவர். ஐரோப்பியச் சாயல் படியாத ஓர் உலகத்தை, அதற்கெனத் தனிமொழியோடு படைத்தவர். நம்மவரில் சிலர் அவர் பெயரைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அவர் 2012-இல் மறைந்தார். 1991-இல் நாஜிக் கொள்கையைப் போற்றும் ஒரு நாவலைப் புனைபெயரில் எழுதியவர் அவரே என்பதை, அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. அவருடைய சுரங்க உலகத்தை விரும்பிப் படித்த பல்லாயிரவர் எந்தப் பலகையையும் வாசித்திருக்க வழியில்லை, அது மறைக்கப்பட்டிருந்தது. இதற்காக அவ்வாட்டத்தை எரிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் 'நம்மவர்' என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை முன்னிறுத்தும் நம் வழக்கம் எத்தகைய பொறி என்பதை அன்று உணர்ந்தேன்.

என் மருமகனின் பொறியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆலம்பரையின் வாயிலில் அவன் காவல் எழுத்தை வைத்திருந்தான். அந்த எழுத்து எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்களே என்று முதல்நாள் இரவே என்னிடம் வந்தான். "மாமு, யாருக்கும் புரியாத மாதிரி, ஆனா படிக்க முடியற மாதிரி ஒண்ணு எழுதித் தாங்க" என்றான். நான் நான்கு வரி தமிழை அரபுத்தமிழில் எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் பிற்பகலில் தாள் மேசைக்கு வந்தது. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகள்தாம். எழுத்தைக் கூட்டினார்கள், பொருள் கிட்டவில்லை. அரபி என்று நினைத்துத் திணறினார்கள். ஒருவன் பகடையைக் கேட்டான், மருமகன் மறுத்தான். சிறிது நேரம் கழித்து அந்தச் சிறுமி தாளை எடுத்துக்கொண்டு எழுந்து, திண்ணையில் இருந்த என் தாயாரிடம் போனாள். என் தாயார் சிறுவயதில் மதரசாவில் அரபுத்தமிழ் ஓதியவர். எங்கள் குடும்பத்தில் அதனைத் தடையின்றி வாசிக்கவல்லவர் இன்று அவர் ஒருவரே.

"நன்னி, இது என்னன்னு பாருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரியை ஓடவிட்டாற்போல் வாசித்தார். மூன்றாம் வரியில் நின்றார்.

"யாரு எழுதினது இது? இங்க புள்ளி வுட்டுப்போச்சே. அரபியில இல்லாத எழுத்துக்குப் புள்ளி வெக்கணும்ல? இப்படி எழுதினா 'கடவு'ன்னு வராதும்மா, வேற வாயில வரும்."

கூடத்தில் ஒரே கூச்சல். புள்ளி தவறிய எழுத்தை வரைந்தவன் எழுதியபடி வாசித்தால் பொறி அடங்குமா, சரியாக வாசித்தால் அடங்குமா என்று நால்வரும் மருமகனைச் சூழ்ந்துகொண்டனர். அவன் விதிநூலைப் புரட்டினான்; என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? தவறு என்னுடையது. அதற்குள் மஃக்ரிபுக்குப் பாங்கு கேட்டது. தாளை நூலுக்குள் வைத்துவிட்டு எழுந்தார்கள்.